மகளை ஜெர்மனிக்கு அனுப்பும் கடலூர் அப்பாவுக்கு

ஐயா,

மகளை மாக்டபர்க்கில் படிக்க வைப்பதா, ஸ்டுட்கார்ட்டிலா என்று கேட்டு நீங்கள் அனுப்பிய செலவுக் கணக்கை முழுக்கப் பார்த்தேன். ஒரு வரி மட்டும் இடிக்கிறது: ‘ஜெர்மனியில் ஃபீஸ் கிடையாது.’ மாக்டபர்க்கில் சரி. ஆனால் ஸ்டுட்கார்ட் இருக்கிற பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், நம் பிள்ளைகளிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். இரண்டு வருடத்துக்கு 6,000. ஏஜென்ட் இதைச் சொல்லாமல் விட்டதில் எனக்கு ஆச்சரியமில்லை.

அடுத்து, விசாவுக்காக பிளாக்டு அக்கவுன்டில், அதாவது ஒரு வருடச் செலவுக்கென்று முடக்கி வைக்கும் கணக்கில், போடும் 11,904 யூரோ. அதோடு வேலை முடிந்தது என்று நினைத்திருக்கிறீர்கள். அந்தப் பணம் மொத்தமாகக் கைக்கு வராது, மாதம் 992 தான். அதுவும் பெரும்பாலும் அங்கே போய் ரூம் பிடித்து, முகவரியைப் பதிவு செய்து, வங்கிக் கணக்கு திறந்த பிறகுதான் வரத் தொடங்கும். அதற்குள் சில வாரங்கள் ஓடிவிடும். வீட்டுக்காரரோ அட்வான்ஸை முதலிலேயே கேட்பார். மஞ்சக்குப்பத்தில் மாதிரி பத்து மாத அட்வான்ஸ் எல்லாம் அங்கே கேட்க முடியாது, சட்டப்படி மூன்று மாத வாடகைதான் உச்சம். ஆனால் 350 யூரோ ரூமுக்கே அது 1,050 ஆகிறது. மூன்று தவணையாகக் கட்டவும் சட்டம் இடம் தருகிறது, கேட்டுப் பார்க்கலாம், நம்பிப் போக வேண்டாம். முதல் மாத வாடகை, செமஸ்டர் கட்டணம் (இது படிப்பு ஃபீஸ் அல்ல, ஃபீஸ் இல்லாத ஊரிலும் கட்ட வேண்டிய சிறு தொகை), சாப்பாடு எல்லாம் சேர்த்து 2,000 யூரோவாவது வெளிநாட்டுச் செலவுக்கான ஃபாரெக்ஸ் கார்டில் தனியாக இருக்கட்டும். வங்கிக் கடன் கேட்கும்போதே இதையும் சேர்த்துக் கேளுங்கள்.

வாடகை விளம்பரத்தில் ‘கால்ட்’ என்று இருந்தால் ஹீட்டர் செலவு சேராதது, ‘வார்ம்’ என்றால் சேர்த்தது. ரூம் தேடும்போது மகள் இதைப் பார்க்காமல் விட்டால் கணக்கு உதைக்கும். மாணவர்களுக்கான மருத்துவக் காப்பீடும் மாதம் சுமார் 140 யூரோ ஆகும்.

குளிர் ஜாக்கெட்டை பாண்டிக்குப் போய் வாங்காதீர்கள். அங்கத்திய குளிருக்கு அது பத்தாது, பெட்டியில் இடமும் போய்விடும். அந்த இடத்தில் புளியும் மிளகாய்த்தூளும் வையுங்கள்.

சரி, எந்த ஊர்? கடன் வாங்கித்தான் அனுப்புகிறீர்கள் என்றால் என் ஓட்டு மாக்டபர்க்குக்கு. வாடகையே பெரிய வித்தியாசம். ஆனால் மகளுக்கு ஜெர்மன் மொழி பி1 அளவு, அதாவது நடுத்தர நிலைக்கு, வந்துவிட்டால் ஸ்டுட்கார்ட்டை யோசிக்கலாம். பாஷ், மெர்சிடஸ் கம்பெனிகள் அந்தப் பக்கம்தான், படிக்கும்போதே வேலை தேட அது வசதி. வருடத்துக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. அந்தச் சம்பளத்தை இப்போதே வரவில் எழுதிவிடாதீர்கள், அவ்வளவுதான்.

மாணவர் விடுதிக்கு மட்டும் இன்றைக்கே இரண்டு ஊரிலும் விண்ணப்பம் போடச் சொல்லுங்கள். காத்திருப்புப் பட்டியல் மாதக்கணக்கில் நீளும்.