சான்கெத்தே ஏன் சாக வேண்டும்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீங்கள் பரிந்துரைத்த 'வெரானோ அசுல்' என்ற பழைய ஸ்பானியத் தொடரை ஆங்கில சப்டைட்டிலுடன் மகனுக்குக் காட்டினேன். அவனுக்கு வயது பதினொன்று. சைக்கிள், கடல், குகை என்று குதூகலமாகப் பார்த்துவந்தவன், கிழவர் சான்கெத்தே இறந்துபோகும் 18ஆம் பகுதியைப் பார்த்துவிட்டு அன்றிரவு சாப்பிடவே இல்லை. பிள்ளைகளின் சாகசக் கதையில் இப்படி ஒரு சாவு தேவைதானா? மிச்சமிருக்கும் கடைசிப் பகுதியைக் காட்டலாமா?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

காட்டுங்கள். பிள்ளை சாப்பிடாமல் படுத்தால் தாய்க்கு எப்படி இருக்கும் என்பது புரிகிறது. ஆனாலும் அந்தப் பகுதி இல்லாவிட்டால் மற்றப் பதினெட்டுக்கும் இவ்வளவு கனம் இருந்திருக்காது என்பதே என் உறுதியான எண்ணம்.

அந்தத் தொடரில் புதையல் இல்லை, கடத்தல்காரர்களைப் பிடிக்கும் சிறுவர் துப்பறியும் படையும் இல்லை. மலாகா மாகாணத்தின் நெர்ஹா என்ற கடற்கரை ஊருக்குக் கோடை விடுமுறைக்கு வந்த பிள்ளைகள், சைக்கிளில் பால் கொண்டுபோய்க் கொடுக்கும் உள்ளூர்ப் பையன் பாஞ்சோவோடு சேர்ந்து சுற்றுகிறார்கள், அவ்வளவுதான். குகைப் பகுதியைப் படமாக்கியது நெர்ஹா குகையில். அதையே 1959இல் உள்ளூர் இளைஞர்கள்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் இந்தப் பிள்ளைகள் துணிந்து நுழைகிற பெரிய குகை பெரியவர்களின் உலகம். இந்தக் கூட்டத்தில் தெசியின் பெற்றோர் பிரிந்து வாழ்கிறார்கள். ஹாவியின் அப்பாவுக்கு அதட்டலே மொழி. பேயா பெரியவளாகும் நாளுக்கென்றே ஒரு முழுப் பகுதி இருக்கிறது.

இது ஒளிபரப்பான காலத்தையும் நினைத்துப் பாருங்கள். ஸ்பெயினை நெடுங்காலம் ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோ இறந்தது 1975இல். 1981 பிப்ரவரியில் சிலர் துப்பாக்கியோடு நாடாளுமன்றத்துக்குள் புகுந்து ஆட்சியைப் பிடிக்கப் பார்த்தார்கள். அந்தக் கோடையில்தான் விவாகரத்துச் சட்டம் வந்தது. அக்டோபரில் இந்தத் தொடர் தொடங்கியது. பல பதிற்றாண்டுகள் வாய்மூடிக் கிடந்த வீடுகளின் கூடத்தில், ஞாயிறு பிற்பகலில், குழந்தைகள் இவற்றையெல்லாம் வாய்விட்டுக் கேட்டார்கள். இயக்குநர் அந்தோனியோ மெர்செரோவின் மேல் எனக்குள்ள பெருமதிப்புக்கு இதுவே காரணம். தொலைபேசிக் கூண்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒருவன் கடைசிவரை வெளியே வரமுடியாமல் போகும் குறும்படத்தை 1972இல் எடுத்தவர் அவர். பார்ப்பவர் சின்னப்பிள்ளை என்பதற்காக அவர் பொய் சொல்ல மாட்டார்.

இனி சான்கெத்தே. தரையில் ஏற்றிவைத்த 'லா தொராதா' என்ற படகையே வீடாக்கிக்கொண்டு, அக்கார்டியன் வாசித்துக்கொண்டு வாழும் முதிய மீனவர். அவராக வரும் அந்தோனியோ ஃபெர்ராண்டிஸ் நடிப்பதாகவே தோன்றாது. பிள்ளைகள் பேசும்போது அவர் குறுக்கிடுவதில்லை என்பதைக் கவனித்தீர்களா? கேட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறக்கிறார். அடுக்குமாடி கட்டுவதற்கு அந்த இடத்தைக் கேட்டு ஆட்கள் வரும்போது, பிள்ளைகள் படகுக்குள் உட்கார்ந்துகொண்டு 'நாங்கள் நகரமாட்டோம்' என்று பாடுகிறார்களே, அது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அந்தக் கரையோரத்தில் நிஜத்தில் எவ்வளவு கான்கிரீட் எழுந்தது என்று தெரிந்தவர்களுக்கு அந்தப் பாட்டு வேறு மாதிரி கேட்கும்.

பிள்ளைகள் அப்படிப் பாடி மீட்ட மனிதர்தான் இறந்துபோகிறார். பாஞ்சோ தெருத்தெருவாக ஓடி 'சான்கெத்தே இறந்துவிட்டார்' என்று கத்துகிறான். எந்தப் பெரியவரும் அவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து பக்குவமாக எடுத்துச் சொல்வதில்லை. செய்தியைச் சொல்பவனும் சிறுவன், கேட்பவர்களும் சிறுவர்கள். எனக்கு இது கொடுமையாகப் படவில்லை, மரியாதையாகவே படுகிறது. இடையில் சில பகுதிகள் இழுவைதான், அறிவுரை தூக்கலாக வருகிற இடங்களும் உண்டு. இங்கே ஒரு சொல்கூட மிகையில்லை.

உங்கள் மகன் சாப்பிடாமல் படுத்தது, அந்தக் கிழவரைத் தன் மனிதராக நினைத்ததால்தான். அவன் துக்கத்துக்குக் காரணமான கதையைப் பாதியில் பிடுங்கிவிட்டால், அந்தத் துக்கத்தோடு அவன் தனியே நிற்பான். கடைசிப் பகுதியில் கோடை முடிகிறது, நண்பர்கள் பிரிகிறார்கள். அதையும் பார்த்தால்தான் அழுதது அவன் மட்டுமல்ல என்பது அவனுக்குத் தெரியும். ஆனால் தனியாகப் பார்க்க விடாதீர்கள், பக்கத்தில் இருங்கள். நடுவில் ஏதாவது கேட்டான் என்றால் தொடரை நிறுத்திவிட்டுப் பதில் சொல்லுங்கள்.