இரவுப் பக்கத்துக் கருப்புப் பட்டை: மாடல் பிழையல்ல

2000 முதல் 2005 வரை இயங்கிய நாசாவின் இமேஜ் (IMAGE) செயற்கைக்கோளின் புற ஊதாப் படத்தில் பூமிக்குப் பின்னால் ஒரு கருப்புப் பட்டை தெரிகிறது, பூமியைச் சூழ்ந்த குளிர்ந்த மின்னூட்டத் துகள் மண்டலமான பிளாஸ்மாஸ்பியருக்கு நீங்கள் செய்த கணினி மாடலில் அது வரவே இல்லை என்கிறீர்கள். மாடலில் கை வைக்காதீர்கள்! அது பூமியின் நிழல்.

அந்தச் செயற்கைக்கோளின் கேமரா பிடித்தது ஹீலியம் அயனிகள் சிதறடிக்கும் 30.4 நானோமீட்டர் சூரிய ஒளியை. அயனிகள் தாமாக ஒளிர்வதில்லை. வெயில் படாத இடத்தில் எவ்வளவு அடர்த்தி இருந்தாலும் படம் இருட்டுதான். நானும் ஒருமுறை இதைப் பள்ளம், அதாவது அடர்த்தி குறைந்த இடம், என்று நினைத்து ஒரு வாரத்தைத் தொலைத்தேன்.

சந்தேகமிருந்தால் பத்து நிமிட இடைவெளியில் வந்த அடுத்தடுத்த படங்களை ஓட்டிப் பாருங்கள். உண்மையான பள்ளம் ஏறக்குறைய பூமியோடு சேர்ந்து சுழலும். நிழல் சூரியனுக்கு எதிர்ப்பக்கத்திலேயே நிற்கும்.

இன்னொன்று, பிரகாசத்தை நேரடியாக அடர்த்தியாக மாற்றாதீர்கள். ஒவ்வொரு பிக்சலும் பார்வைக் கோடு நெடுகிலும் உள்ள அயனிகளின் கூட்டுத்தொகை. மாடலின் ஹீலியம் அயனி அடர்த்தியை அதே கோட்டில் கூட்டி, நிழலுக்குள் விழும் பகுதியைச் சுழியாக்கி, செயற்கைப் படம் ஒன்றை உருவாக்கி ஒப்பிடுங்கள். படத்தில் பிளாஸ்மாஸ்பியரின் விளிம்பு மாடலைவிடக் கொஞ்சம் உள்ளே தெரிந்தால் பதற வேண்டாம். அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 40 எலக்ட்ரானுக்குக் கீழே போனால் அந்தக் கேமராவுக்குக் கண் தெரியாது.