வீரவநல்லூர் வென்னி

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் எங்கள் இரண்டு வயதுப் பெண்ணுக்குச் சோறு ஊட்டும்போது 'டும்மா டும்மா டப்பா, ரசத்துக்குள்ள பாப்பா' என்று வாய்க்கு வந்ததைப் பாடுகிறார். அவளும் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். 'இப்படி உளறினால் பிள்ளைக்குத் தமிழ் எப்படி வரும்? நாலு நல்ல பாட்டாகச் சொல்லிக் கொடுங்கள்' என்று என் அத்தைக்குக் கோபம். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் கடிதம் வந்து இரண்டு நாளாக நானே ரசத்துக்குள்ள பாப்பாவை முணுமுணுத்துக்கொண்டிருக்கிறேன். கணவர் பக்கமே நில்லுங்கள்.

என் அப்பா பஸ் கண்டக்டர். திருநெல்வேலிக்கும் பாபநாசத்துக்கும் ஓடிய ஒரு வண்டி. வெள்ளிக்கிழமை எங்களுக்கு எண்ணெய்க் குளியல். எண்ணெய் வைத்துவிடுவது அம்மா. அன்றைக்கு அப்பாவுக்கு டூட்டி இல்லையென்றால் குளிப்பாட்டுவது அவர். டிக்கெட் கொடுக்கிற அதே ராகத்தில் பாடுவார்:

பத்தமடை பாய விரி
சேர்மாதேவி சீயக்கா தேய்
வீரவநல்லூர் வென்னி ஊத்து
கல்லிடைக்குறிச்சி கண்ண மூடு
அம்பாசமுத்திரம் அம்மாட்ட ஓடு

குளியலறையில் பாய் எதற்கு என்று நாங்கள் யாரும் கேட்டதில்லை. ஆனால் இதில் ஒரு பெரிய கோளாறு உண்டு, கவனித்தீர்களா? வீரவநல்லூரில் வென்னி ஊற்றிவிட்டு, அதற்கப்புறம் கல்லிடைக்குறிச்சியில்தான் கண்ணை மூடச் சொல்கிறார். அதற்குள் சீயக்காய் கண்ணுக்குள் போயிருக்கும். 'கல்லிடைய முன்னாடி பாடுங்கப்பா' என்று கத்துவேன். 'பஸ்ஸு அப்படித்தாம்ளா போகும்' என்பார். ஒரு நாளும் ஊரை மாற்றிப் போட்டதில்லை. நாங்களே பத்தமடை தாண்டியதும் கண்ணை மூடிக்கொள்ளப் பழகிவிட்டோம்.

அழுதுகொண்டேதான் குளிப்போம். ஆனாலும் இன்னும் எத்தனை ஊர் பாக்கி என்று தெரியும். எரிச்சலைத் தாங்கிக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. சோறு ஊட்டும் பாட்டிலும் இதே சூட்சுமம்தான். பாட்டு முடிகிற இடத்தில் ஒரு வாய் உள்ளே போயாக வேண்டும். உங்கள் கணவருக்கு இது யாரும் சொல்லாமலே தெரிந்திருக்கிறது.

இந்தப் பாட்டால் எனக்கு ஒரு குட்டும் கிடைத்தது. மூன்றாம் வகுப்பில் எந்த ஊருக்கு எது பெயர் பெற்றது என்று பாடம். பத்தமடைக்குப் பாய் என்றேன், சரி என்றார் டீச்சர். கோரைப்பாய்க்கு உண்மையிலேயே பேர்போன ஊர் அது. அந்தத் தைரியத்தில் அடுத்த ஊருக்கும் நானே முந்திக்கொண்டு 'சேர்மாதேவி, சீயக்காய்' என்றேன்.

அத்தைக்கு ஒரு பதில் சொல்ல வேண்டுமே. அப்பாவின் பாட்டை இன்னொரு தரம் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பத்தமடைக்குப் பாய், வீரவநல்லூருக்கு வென்னி: வரிக்கு வரி மோனை. எட்டாம் வகுப்பில் தமிழய்யா மோனையை விளக்கியபோது எனக்கு அது புதிதாகவே இல்லை. அப்புறம், தால் என்றால் நாக்கு. நாக்கை ஆட்டிப் பாடுவதால் தாலாட்டு என்று சொல்வார்கள். உங்கள் கணவரைத் தொட்டிலில் போட்டு அத்தை ராராரோ பாடியிருப்பார் இல்லையா? அதற்கு அர்த்தம் கேட்டா அவர் தூங்கினார்?

கேள்வி: நிலாவைக் கூப்பிட்டும் காக்காயைக் கூப்பிட்டும் பிள்ளைக்குப் பாட்டுக் காட்டுகிறோமே, இது எவ்வளவு காலத்துப் பழக்கம்?
– ஒரு வாசகர், கும்பகோணம்

பதில்: பெரியாழ்வார் காலத்திலேயே இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டு என்று வைக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் யசோதையாகத் தன்னை நினைத்துக்கொண்டு கண்ணனோடு விளையாட நிலாவை வரச்சொல்கிறார். கண்ணனுக்குத் தலைவார வா என்று காக்காயைக் கூப்பிடுகிறார். தலைவாரக் காக்காய்! என் அப்பா பரவாயில்லை. மாடு மேய்க்கக் கோல் கொண்டு வா என்று அதே காக்காய்க்கு இன்னொரு வேலையும் உண்டு. அப்பூச்சி காட்டி, அதாவது பூச்சாண்டி காட்டிப் பயமுறுத்துவதற்குத் தனியாகப் பத்துப் பாட்டு.

பிற்காலப் பிள்ளைத்தமிழில் நிலாவை அழைப்பது அம்புலிப் பருவம் என்று பத்துப் பருவங்களில் ஒன்றாகிவிட்டது. புலவர்களுக்கு அதுதான் புலி என்பார்கள். காரணம், சாமம், பேதம், தானம், தண்டம் என நான்கு வழியாலும் நிலாவை அழைத்தாக வேண்டும். பிள்ளையும் நீயும் ஒன்றுதான் என்று கொஞ்சணும். பிள்ளைக்குக் களங்கமில்லை, உனக்கு உண்டு என்று குத்திக்காட்டணும். வந்தால் இன்னது கிடைக்கும் என்று ஆசை காட்டணும். வராவிட்டால் பார் என்று மிரட்டணும். மொட்டைமாடியில் பருப்புச் சோற்றுக் கிண்ணத்தோடு நிற்கிற எந்த அம்மாவும் பத்து நிமிஷத்துக்குள் இந்த நான்கையும் செய்துவிடுகிறாள். நிலாவிடம் அல்ல, பிள்ளையிடம்.

கேள்வி: எங்கள் அம்மா பாடிய வேடிக்கைப் பாட்டை நான் ஒரு மாதிரி சொல்கிறேன், தங்கை வேறு மாதிரி சொல்கிறாள். ஒவ்வொரு பொங்கலுக்கும் இதே சண்டை. சரியான பாட்டை எப்படிக் கண்டுபிடிப்பது?
– ஒரு வாசகர், சிவகாசி

பதில்: எங்கள் வீட்டிலும் உண்டு. என் தம்பி என்னைவிட ஆறு வயது சின்னவன். சேர்மாதேவிக்கும் வீரவநல்லூருக்கும் நடுவில் 'காருகுறிச்சி காதத் தேய்' என்று ஒரு வரி இருந்தது என்பான். இல்லவே இல்லை என்பேன் நான். 'காருகுறிச்சி அருணாசலம் நாதஸ்வரம்னா அப்பா உயிரை விடுறவர், அருணாசலத்தோட ஊரையா விட்டிருப்பார்?' என்று அவன் கேட்டால் எனக்குப் பதில் வராது. ஆனாலும் விட்டுக்கொடுத்ததில்லை. இருபது வருஷமாவது ஓடியிருக்கும்.

போன தீபாவளிக்கு, உளுந்து வடைக்கு மாவு தட்டிக்கொண்டே அம்மா சொன்னாள்: 'ஒனக்குப் பாடும்போது அவுஹ போன வண்டி காருகுறிச்சில நிக்காது. அவன் பொறந்தப்புறம் நிக்கிற வண்டிக்கு மாத்திட்டாங்க.'

இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்றதற்கு, யாரும் கேட்கவில்லையே என்றாள். ஆகவே உங்கள் அம்மா இருந்தால் முதலில் அவரைக் கேளுங்கள்.

அண்ணனுக்கு அப்பா என்ன பாடினார் என்றும் அப்படியே கேட்டேன். அவன் வீட்டுக்கு மூத்தவன். 'அவன் சின்னதா இருக்கையில அவுஹ மதுரை வண்டியில போனாஹ. ராத்திரிதான் வருவாஹ. அவன நான்தான் குளிப்பாட்டுனேன், பாட்டெல்லாம் கெடையாது' என்றாள். அண்ணன் கையில் வடையோடு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.