பிறந்து 20 நாளான பிள்ளைக்கு இதயத்தில் ஓட்டை. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறாள். வீட்டில் எதைக் கவனிக்க வேண்டும்?

எக்கோவில் (இதய ஸ்கேன்) 6 மில்லிமீட்டர் விஎஸ்டி (இதயத்தின் இரு கீழறைகளுக்கு நடுச்சுவரில் ஓட்டை), இரண்டு வாரம் கழித்து வரச் சொன்னார்கள், ஊர் அம்பாசமுத்திரம் பக்கம் என்று எழுதியிருக்கிறீர்கள்.

இப்போது நன்றாக இருப்பதை வைத்து நிம்மதியாகிவிடாதீர்கள். பிறந்த புதிதில் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அழுத்தம் அதிகம். ஓட்டை வழியே ரத்தம் அவ்வளவாகப் பாயாது. அந்த அழுத்தம் இறங்க இறங்க, பெரும்பாலும் 4 முதல் 8 வாரத்துக்குள், நுரையீரலுக்கு ரத்தம் அளவுக்கு மேல் போய் மூச்சு வாங்கத் தொடங்கும்.

முதலில் காட்டிக்கொடுப்பது பால் குடிதான். நாலு இழுப்பு இழுப்பாள், ஓய்வாள், பாதியிலேயே தூங்கிவிடுவாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை நிற்கும். ஆச்சி 'வெக்கைக்கு வேர்க்கு' என்பார்கள். ஃபேன் காற்றிலும், பால் குடிக்கும்போது மட்டும் வேர்த்தால் பழி வெக்கை மேல் இல்லை. ஒரு வேளையை அரை மணிக்கு மேல் இழுக்காதீர்கள். உறிஞ்சுகிற உழைப்பிலேயே குடித்த பாலின் சத்து கரைந்துவிடும். மிச்சத்தைப் பீய்ச்சிப் பாலாடையில் கொடுங்கள், 2 மணிக்கொரு தரம். கிரைப் வாட்டர், உரை மருந்து எதுவும் வேண்டாம். சாம்பிராணிப் புகையும் கூடாது.

தூங்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு வயிறு ஏறி இறங்குவதை முழு 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும். பச்சைப் பிள்ளை வேகமாக விட்டு, நிறுத்தி, மறுபடி விடும். 60க்கு மேல் வந்தால் சற்றுக் கழித்து இன்னொரு தரம் எண்ணுங்கள். அப்போதும் அப்படியே என்றால் அன்றைக்கே டாக்டர். விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ நாக்கு நீலமானாலோ 108தான். திருநெல்வேலி ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரி உங்களுக்குப் பக்கமில்லை, விடியட்டும் என்று இருக்க வேண்டாம். (குளித்ததும் கை கால் மட்டும் நீலம் தட்டுவது சகஜம்.)

எடையை வாரம் ஒரு முறை, ஒரே தராசில், துணியில்லாமல் பாருங்கள். நாளுக்கு 20 கிராம்கூட ஏறவில்லை என்றால் மறு எக்கோ தேதி வரை காத்திருக்காதீர்கள்.

லேசிக்ஸ் (உடம்பில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் மருந்து) சொட்டு எழுதினால் ஊசியில்லாத 1 மில்லி சிரிஞ்சில் அளந்து கொடுங்கள். 0.3 என்பதை 3 ஆகப் படித்துவிடுகிற தப்பு நடக்கிறது. வயிற்றுப்போக்கு வந்தால் அடுத்த வேளைக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள். வயிற்றுப்போக்கோடு மருந்தும் நீரை வெளியேற்றும். எடை ஏறும்போது அளவும் மாறும்.

ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை இப்போதே திருநெல்வேலி கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீஸில் எடுத்துவிடுங்கள். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றிதழ் வேண்டும். ஆபரேஷன் தேதி குறித்த பிறகு அலைந்தால் நேரம் போதாது.