எந்தக் கிணறு, தம்பி?

கேள்வி: அக்கா, எனக்கு 44 வயது. பாளையங்கோட்டையில் குடியிருக்கிறேன். கல்லாகிப்போன பழைய கடல் சிப்பி, நத்தைகளைத் தேடிச் சேர்ப்பது என் பொழுதுபோக்கு. தாழையூத்துச் சுண்ணாம்புக் கல்லில் எவ்வளவோ தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. அதனால் மாதம் ஒருமுறை ராத்திரி ரயில் ஏறி அரியலூர் போய் வருகிறேன். ஷெல்ஃபில் கல், சமையலறைக் கிண்ணத்தில் ஆசிட்டில் ஊறும் கல் என்று மனைவி தினமும் சண்டை போடுகிறாள். இந்த ஆசையை எனக்கு ஊட்டியவர் அப்பா. சாத்தான்குளம் பக்கம் கிணறு வெட்டும் மேஸ்திரியாக இருந்தார். அவர் தந்த சிப்பிகள் ஒரு பிஸ்கட் டின்னில் சீட்டு எதுவும் இல்லாமல் கிடக்கின்றன. எது எந்தக் கிணற்றில் வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். 79 வயதில் ஊரில் தனியாக இருக்கிறார், இங்கே வரமாட்டேன் என்கிறார். பொங்கலுக்குப் போய்ப் பார்த்தது. மனைவிதான் அடிக்கடி போனில் பேசிக்கொள்வாள். இந்தக் கற்களின் அருமையை அவளுக்கு எப்படிப் புரியவைப்பது?

பதில்: தம்பி, மனைவி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். அவர் சொல்வதுதான் சரி. சோறு வைக்கும் கிண்ணத்தில் ஆசிட் ஊற்றுகிற வீட்டில் சண்டை வராமல் என்ன வரும்? அதோடு சிப்பியும் சுண்ணாம்பு, அதைச் சுற்றி ஒட்டியிருக்கும் கல்லும் பெரும்பாலும் சுண்ணாம்பு. ஆசிட்டுக்கு இரண்டும் ஒன்றுதான். கல் கரையும்போது சிப்பியின் வரியும் சேர்ந்து கரைந்துவிடும். தண்ணீர், பழைய டூத் பிரஷ், ஒரு கோணி ஊசி, கொஞ்சம் பொறுமை போதும். தாழையூத்தில் தேடுவதையும் விட்டுவிடுங்கள். அது பூமிக்குள் வெந்து உருமாறிய கல். சிப்பிக்கு அங்கே வேலையே இல்லை.

சரி, நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன வரிக்கு வருகிறேன். 'எது எந்தக் கிணற்றில் வந்தது என்பது அவருக்குத்தான் தெரியும்.' இதை எழுதும்போது கை கொஞ்சம் நிற்கவில்லையா?

எந்த ஊரில், எந்த விளையில் (தோட்டத்தில்), எத்தனை ஆள் ஆழத்தில், எந்த மண்ணுக்குக் கீழே கிடைத்தது என்று தெரியாத சிப்பி அலமாரிக்கு அழகு, அவ்வளவுதான். ஆழம் தெரிந்தால் ஒரு காலத்தில் கடல் எங்கே நின்றது என்று யோசிக்கவாவது வழி உண்டு. 1883-ல் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியலாளர் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியலை எழுதி வெளியிட்டார். இந்தக் கரையோரத்துச் செம்மணல் மேடுகளான தேரிகளும் அதில் உண்டு. இடத்தைச் சொல்லி எழுதியதால்தான் இன்றும் ஒருவர் அதை வைத்துக்கொண்டு அதே இடத்தில் போய் நின்று பார்க்க முடிகிறது. உங்கள் டின்னை வைத்துக்கொண்டு யார் எங்கே போய் நிற்பது?

அரியலூரை நான் குறைத்துச் சொல்லவில்லை. அங்கே காரை என்ற ஊர்ப் பக்கத்துக் களிமண் மேட்டில் கிடக்கும் அம்மோனைட், அதாவது சுருண்ட ஓடுள்ள பழங்காலக் கடல் உயிரி, சுமார் 10 கோடி ஆண்டுப் பழசு. அந்த இனமே 6.6 கோடி ஆண்டுக்கு முன்னால் பூண்டற்றுப் போனது. அதன் பக்கத்தில் சாத்தான்குளம், பனம்பாறைப் பக்கத்துச் சிப்பிக் கல் நேற்றுப் பிறந்த பிள்ளை. ஆனால் அரியலூருக்கு நிலவியல் படிக்கிற மாணவர்கள் ஆண்டுதோறும் போகிறார்கள், அங்கே ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. நீங்கள் ஒரு மாதம் போகாவிட்டால் அந்த ஊருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. தேரி மணலைத் தோண்டி, சுக்கான் கல்லை உடைத்து, அதற்கும் கீழே இறங்கி நின்ற மனிதரை எந்த அருங்காட்சியகமும் வைத்திருக்கவில்லை. (சாத்தான்குளம் இப்போது தூத்துக்குடி மாவட்டமாம். 1986-ல் பிரித்தார்கள். எனக்கு அது இன்னும் நெல்லைச் சீமைதான்.)

'வரமாட்டேன் என்கிறார்' என்று மகன்கள் எழுதும் கடிதங்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். வரமாட்டார்தான். ஊரில் அவர் மேஸ்திரி. உங்கள் வீட்டு வராந்தாவில் அவர் யார்? அவர் வராததைக் காரணம் காட்டி நீங்கள் போகாமல் இருப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அரியலூருக்கு ஒரு ராத்திரி முழுக்க ரயிலில் போகத் தெம்பு இருக்கிறது. சாத்தான்குளத்துக்குப் பகல் பஸ்ஸில் போக இல்லையா? பெற்றவரைப் போய்ப் பார்ப்பது பிள்ளை செய்கிற உபகாரம் என்று நான் ஒருநாளும் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது கடன். பண்டிகைக்குப் பண்டிகை வட்டி கட்டினால் தீராது.

அந்த டின்னைத் தூக்கிக்கொண்டு போங்கள். இரண்டு நாளாவது தங்குங்கள். போனதும் நோட்டை விரித்து உட்கார்ந்துவிடாதீர்கள், அவர் சாட்சிக் கூண்டில் நிற்கவில்லை. முதலில் மருந்து மாத்திரை, கண், சாப்பாடு, ராத்திரித் தூக்கம் எல்லாம் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் ஒவ்வொரு சிப்பியாக அவர் கையில் கொடுங்கள். யார் கிணறு, எந்த விளை, தண்ணீர் எத்தனை ஆளில் வந்தது, நல்ல தண்ணீரா உப்புத் தண்ணீரா, வெடி வைத்தார்களா, கடப்பாரையா என்று கேளுங்கள். கல்லின் ஓரத்தில் வெள்ளை பெயின்ட் ஒரு பொட்டு வைத்து, அது காய்ந்ததும் மேலே கறுப்பு மையில் எண் எழுதுங்கள். அதே எண்ணில் நோட்டில் அவர் சொன்னதை அவர் சொன்ன மாதிரியே எழுதுங்கள். சிலது மறந்திருக்கும். மறந்ததை 'தெரியாது' என்றே எழுதுங்கள், இட்டுக்கட்ட வேண்டாம். நடக்க முடிந்தால் ஒரு ஆட்டோ வைத்து அந்தக் கிணறுகளுக்கே கூட்டிப் போங்கள்.

போகும்போது மனைவியையும் அழைத்துப் போங்கள். கல்லின் அருமை தெரியாதவள் என்று நீங்கள் முறையிடுகிற அந்தப் பெண்தான் மாமனாரோடு அடிக்கடி பேசுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். கிளம்புவதற்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். தனியாக இருக்கிற கிழவர் போனில் சமையல் பற்றி மட்டுமா பேசியிருப்பார்? அந்த டின்னில் இருப்பதில் நாலைந்து கிணறாவது உங்கள் மனைவிக்குத் தெரிந்திருக்கும்.

அரியலூருக்கு டிக்கெட் போட்டிருந்தால் இன்றைக்கே ரத்து செய்யுங்கள். கிண்ணத்தையும் நீங்களே கழுவி வையுங்கள், அதுவும் வெளிக் குழாயில்.