பிள்ளை பார்ப்பவர் விலகும்போது: முன்னறிவித்தலும் கடைசிச் சம்பளமும்

எங்கள் இரண்டு வயது மகனைப் பார்த்துவந்த அக்கா, மாதத்தின் பதினோராவது வேலைநாள் முடிந்த இரவு, "நாளையிலிருந்து வரமாட்டன்" என்று வாட்ஸ்அப்பில் குரல்பதிவு அனுப்பிவிட்டார். இப்போது அந்த நாட்களுக்குரிய சம்பளத்தைக் கேட்கிறார். சொல்லாமல் போனவருக்குக் கொடுக்கத்தான் வேண்டுமா? (உப்புவெளி)

கொடுக்க வேண்டும். மறுநாள் காலை வேலைக்குப் புறப்பட வழியின்றி, அழும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் வீட்டுக் கதவைத் தட்டுவது என்று நீங்கள் தவித்திருப்பீர்கள்; அந்தக் கோபம் நியாயமானதே. ஆனால் உழைத்து முடித்த நாட்களின் கூலி ஒரு கணக்கு, முன்னறிவித்தல் இன்றி விலகியதால் உங்களுக்கு நேர்ந்த நட்டம் வேறொரு கணக்கு. முன்னறிவித்தல் தவறினால் இவ்வளவு கழிக்கப்படும் என்று இருவரும் முன்கூட்டியே உடன்பட்டிருந்தாலன்றி, இரண்டாவதற்காக முதலாவதை மறித்து வைப்பது சரியாகாது.

பெரும்பாலான பிணக்குகள் மாதச் சம்பளத்தை எந்த எண்ணால் வகுப்பது என்பதில்தான் தொடங்குகின்றன. காலையில் வந்து மாலையில் போகிறவருக்கு வேலைநாட்களால் வகுப்பதே பொருத்தம். மாதம் 39,000 ரூபாய், 26 வேலைநாட்கள் என்றால் ஒரு நாளுக்கு 1,500. பதினொரு நாளுக்கு 16,500. அவர் 5,000 ரூபாய் முற்பணம் பெற்றிருந்தால், கையில் கொடுக்க வேண்டியது 11,500. வீட்டோடு தங்கியிருந்தவர் என்றால் ஞாயிற்றுக்கிழமைகளையும் சேர்த்து எண்ணி, 30 ஆல் வகுக்க வேண்டும்.

திருகோணமலை நகரில் ஒரு வீட்டில் ஆறு வருடங்கள் பிள்ளைகளைப் பார்த்தேன். வீட்டுக்காரருக்குக் கொழும்புக்கு இடமாற்றம் வந்ததும், "இனி வர வேண்டாம்" என்று ஒரே நாளில் சொல்லிவிட்டார்கள். வேலை முடியும்போது சேவைக் காலத்துக்காகத் தரப்படும் பணிக்கொடை எனக்குக் கிடைக்குமா? (மூதூர்)

தங்கச்சி, இதை வருத்தத்தோடுதான் எழுதுகிறேன். 1983 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கப் பணிக்கொடைக் கொடுப்பனவுச் சட்டம் தனியார் வீடுகளில் பணிபுரிவோரைத் தனக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. ஆறு வருடங்கள் ஒரு குடும்பத்தின் பிள்ளைகளுக்குச் சோறூட்டி, குளிப்பாட்டி, உறங்க வைத்தவருக்கு, ஐந்து வருடம் கடையில் நின்றவருக்குக் கிடைக்கக்கூடிய உரிமை இல்லை என்பது எந்த வகையிலும் நியாயமாகாது. வீட்டுப் பணியாளர்களுக்கெனச் சர்வதேசத் தொழில் அமைப்பு 2011 இல் நிறைவேற்றிய 189 ஆம் இலக்கச் சமவாயத்தையும் இலங்கை பல வருடங்களாக உறுதிப்படுத்தாமலே இருந்தது.

ஆயினும் எல்லாக் கதவுகளும் மூடியிருக்கவில்லை. 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் தொழிலாளர் என்பதற்குத் தரும் வரைவிலக்கணம் மிக விரிந்தது. தொழில்தருநரோடு எந்த வகைப் பணிக்காகவேனும் ஒப்பந்தம் செய்துகொண்டவர், அந்த ஒப்பந்தம் வாய்மொழியாக இருந்தாலும், அதற்குள் அடங்குவார். வேலையிலிருந்து நிறுத்தப்பட்ட நீங்கள் தொழில் நியாய சபைக்கு விண்ணப்பிக்கலாம்; அங்கே நீதியும் நியாயமும் எவை என்று பார்த்துக் கட்டளையிடும் அதிகாரம் இருக்கிறது. விண்ணப்பத்துக்குக் காலவரையறை உண்டு என்பதால் இந்த வாரமே தொழில் அலுவலகத்துக்குச் சென்று விசாரியுங்கள்.

நியமனக் கடிதம் இல்லையே என்று தளர வேண்டாம். சம்பளம் வங்கிக்கு வந்த பதிவு, "நாளைக்கு வெள்ளனவே வாங்கோ" என்ற தொலைபேசிச் செய்தி, தினமும் உங்களைப் படலையில் கண்ட அயலவரின் சொல் ஆகியவை எல்லாம் சான்றுகளே. நான் ஆலோசனை சொன்ன ஒரு பிணக்கில், சமையலறைச் சுவரில் தொங்கிய நாட்காட்டிதான் உண்மையைச் சொன்னது. விடுமுறை எடுத்த நாட்களை வீட்டுக்காரரே நீல மையால் வட்டமிட்டிருந்தார்; வட்டமில்லாத நாட்களை எண்ணியபோது, மறுக்க ஒன்றும் மிஞ்சவில்லை.

எங்கள் பிள்ளையைப் பார்ப்பவருக்கு, அவர் வீட்டுக் கூரைக்குத் தகரம் வாங்க 60,000 ரூபாய் கடன் கொடுத்தோம். பாதி கட்டிய நிலையில் வெளிநாடு போகப் போவதாகச் சொல்கிறார். மீதியைத் தரும்வரை அவரது அடையாள அட்டையை வைத்திருக்கலாமா? (லிங்கநகர்)

கூடவே கூடாது, இன்றே திருப்பிக் கொடுங்கள். மீதி 30,000 ரூபாயை எந்தத் திகதியில், யார் மூலம் தருவார் என்று ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிடுங்கள். கடைசிச் சம்பளத்தில் ஒரு பகுதியைக் கழிப்பதானால் அவர் மனமொப்பியே அது நடக்க வேண்டும். இணக்கம் வராவிட்டால், 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் மத்தியஸ்த சபைக்குப் போகலாம். அங்கே சட்டத்தரணிச் செலவு இல்லை.

வேலையிலிருந்து விலகப் போவதாக இரண்டு கிழமை முன்னதாகவே வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அப்படியெண்டால் இண்டைக்கே வேலையை நிப்பாட்டுங்கோ" என்றார்கள். அந்த இரண்டு கிழமைச் சம்பளத்தைக் கேட்கலாமா? (பாலையூற்று)

கேட்கலாம். வேலை செய்ய நீங்கள் ஆயத்தமாக இருந்தீர்கள். வேண்டாம் என்றவர்கள் அவர்கள். முறையாகச் சொல்லி விலகுகிறவரை அன்றைக்கே அனுப்பிவிட்டால், அடுத்து வருபவர் சொல்லாமல் போவதையே பாதுகாப்பு என்று நினைப்பார் என்பதை வீட்டுக்காரர்களும் எண்ணிப் பார்க்க வேண்டும். பிள்ளைக்கும் அந்த இரண்டு கிழமை தேவை; தன்னைத் தூக்கி வளர்த்தவர் ஒரு காலையில் காணாமற் போனால் அது படலையைப் பார்த்தபடியே இருக்கும்.

பணம் பெறும்போது வேலை செய்த நாட்கள், நாட்கூலி, கழித்த முற்பணம், முன்னறிவித்தல் காலத்துக்கான தொகை ஆகியவற்றைத் தனித்தனி வரிகளாக ஒரு கொப்பித் தாளில் எழுதுவித்து, உரத்து வாசிக்கச் சொல்லிக் கேட்ட பின்பே ஒப்பமிடுங்கள். ஒரு பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.