எது பக்க வேலை?

வணக்கம் சார். என் கல்லூரி நண்பன் எட்டு வருடமாகச் சென்னையில் ஒரு நாடகக் குழுவில் நடிக்கிறான். நல்ல நடிகன். இப்போது டப்பிங், ஒலிப்புத்தகம், பள்ளிக்கூடங்களில் கதை சொல்வது, ஐடி கம்பெனிகளில் பயிற்சி வகுப்பு என்று அலைகிறான். மேடைக்கு மாதத்தில் இரண்டு நாள் மிஞ்சினால் அதிகம். இத்தனை பக்க வேலைகள் அவனைச் சிதறடித்துவிடாதா? குரல் கெட்டுவிடாதா? கலை என்பது ஒன்றையே பற்றிக்கொண்டிருக்கும் தவம் இல்லையா?

செ.

அன்புள்ள செ.,

குரல் விஷயத்தைத் தொண்டை மருத்துவரிடம் கேளுங்கள். எனக்குத் தெரியாது. தவம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதில்தான் இரண்டு நாளாக நிற்கிறேன்.

தவத்தை நான் கண்ணால் பார்த்தது செய்யாறு பக்கம், அம்மாவின் ஊரில். திரௌபதி அம்மன் கோயிலில் அர்ச்சுனன் தபசு அன்று, வேஷம் கட்டிய கூத்துக்காரர் உயரமான தபசு மரத்தில் விருத்தம் பாடிக்கொண்டே ஏறுவார். உச்சியில் உட்கார்ந்து எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசுவார். பிள்ளை வரம் கேட்டு வந்த பெண்கள் கீழே ஈரப்புடவையோடு மடியேந்தி நிற்பார்கள். அதே ஆள், துரியோதனன் சாவதை ஆடும் படுகளத்தன்று பீமன். மண்ணில் கிடத்திய துரியோதனனைச் சுற்றிக் கதாயுதத்தோடு ஓடுவார். ஆடி முடிந்தால் கூத்து குறைந்துவிடும், அவர் தறிக்குப் போய்விடுவார். பட்டுத்தறி, கூலிக்கு.

தாத்தா செத்தபோது கருமாதிக்கு முந்தின ராத்திரி கர்ண மோட்சம் வைத்தார்கள், கர்ணன் சாகும் கூத்து. அந்தக் கூத்துக்காரர் மத்தியானமே வந்துவிட்டார். எனக்குப் பத்து வயது. திண்ணையில் உட்கார்ந்து, கல்யாண முருங்கைக் கட்டையில் செதுக்கிய கிரீடத்துக்குக் கண்ணாடிச் சில்லு ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கிரீடம் அவருக்கு இல்லை, வேறு ஜமாவுக்கு, அதாவது வேறு கூத்துக் குழுவுக்கு. காசுக்குச் செய்து கொடுப்பாராம். பசை காயும்வரை என்னைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார். ராத்திரி கர்ணன் விழுந்தபோது, பதினைந்து நாளாக அழாமல் இருந்த பாட்டி அழுதாள். தாத்தா பெயரைச் சொல்லி அழுதாள். விடிந்ததும் அவர் முகத்தைக் கழுவிவிட்டு எங்கள் வீட்டில் பழையது சாப்பிட்டார். பேசிய கூலியில் பாதிதான் என் மாமா கொடுத்தார். மீதி கடைசிவரை போகவில்லை என்று பிற்பாடு தெரிந்தது.

சொல்லுங்கள், இதில் எது பக்க வேலை? மரம் ஏறியதா, கிரீடம் செய்ததா, தறியா? ராத்திரி பத்து மணிக்குத் திரைக்குப் பின்னாலிருந்து வந்து ஆடியது மட்டும்தான் கலையா? கர்ணனின் கிரீடம் எவ்வளவு கனக்கும், எந்த இடத்தில் நெற்றியை அறுக்கும் என்று அவருக்குத் தெரியும். செதுக்கியவர் அவர். கழுத்தை எவ்வளவு திருப்பலாம் என்பது அந்தக் கையிலிருந்து வந்த கணக்கு.

சென்னைக்கு வந்தாலும் இதே கதைதான். 1891-இல் சுகுண விலாச சபை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார் வக்கீல், பிறகு நீதிபதி. நடிகர் பூர்ணம் விஸ்வநாதன் டெல்லி வானொலியில் செய்தி வாசித்தவர். சபா நாடகங்களில் நம்மைச் சிரிக்க வைத்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஆபீஸ் விட்டு ஒத்திகைக்கு ஓடியவர்கள். மேடையை மட்டும் நம்பி வாடகை கட்டிய தமிழ் நடிகர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். உங்கள் நண்பர் ஏதோ புதிதாகத் தடம் மாறிவிட்டது போல எழுதுகிறீர்கள்.

இன்னொன்று. கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் மாதச் சம்பளக்காரர் என்று கடிதத்தின் கீழே இருக்கும் பதவியே சொல்கிறது. அடுத்தவனைத் தவம் செய்யச் சொல்ல நமக்கு வெகு சுலபமாக வருகிறது. அவர் பட்டினி கிடந்தால்தான் உங்களுக்குக் கலைஞராகத் தெரிவார் என்றால் கோளாறு அவரிடம் இல்லை.

ஆனால் நண்பனுக்காக உட்கார்ந்து இவ்வளவு நீளக் கடிதம் எழுதியிருக்கிறீர்கள் (சுருக்கித்தான் மேலே போட்டிருக்கிறேன்). அது எனக்குப் பிடித்திருந்தது.

அப்புறம், நீங்கள் அனுப்பிய டப்பிங் துண்டைக் கேட்டேன். மோசம்தான். ஐந்து பேருக்கும் ஒரே குரலில் பேசியிருக்கிறார். அதை வேண்டுமானால் அவரிடம் சொல்லுங்கள்.